சித்திரை விடுமுறையில் நாயோடு மட்டக்களப்பு: திருகோணமலையிலிருந்து காலையில் போய் இருட்டுமுன் திரும்ப முழுமையான வழிகாட்டி

திருகோணமலையிலிருந்து ஏ15 வீதியால் மட்டக்களப்பு சுமார் 130 கிலோமீற்றர். கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை, வாழைச்சேனை, ஏறாவூர் என்று போகிற வழி. இரண்டு இடத்தில் நின்று போனாலும் மூன்றரை மணித்தியாலத்துக்குள் புளியந்தீவுப் பாலத்தைத் தொட்டுவிடலாம். தூரம் பெரிய சிக்கல் இல்லை.

நாயோடு போகிற பயணம் கெட்டுப்போவது அநேகமாக ஒரே நேரத்தில்தான்: காலை பத்தரைக்கும் பிற்பகல் மூன்றுக்கும் இடையில். காலையில் வாவிக்கரை, மதியம் விருந்து, மாலையில் கடற்கரை என்று மனிதருக்கான திட்டம் எல்லாரிடமும் இருக்கும். அந்த மதிய நேரத்தில் நாய் எங்கே படுக்கும் என்பது யாரிடமும் இருக்காது. கடைசியில் வாகனத்துக்குள் விட்டுப் போவார்கள், அல்லது வெயிலில் இழுத்துத் திரிவார்கள். ஆகவே கீழே உள்ள ஒழுங்கை மாற்றாதீர்கள். மதிய இடம் முதலில், மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

1. இந்த நாய் வரலாமா

நாய் உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் இளைத்துத்தான், அதாவது நாக்கை நீட்டி மூச்சு வாங்கித்தான், வெளியேற்றுகிறது. மூக்குச் சப்பையான பக், ஷிட்சு போன்றவற்றுக்கு அந்த வழியே ஒடுக்கம். ஏப்ரல் மாதக் கிழக்கு மாகாணத்து வெயிலில் இவற்றைக் கூட்டிப் போகவேண்டாம். இதய நோய் உள்ளது, நன்றாகக் கொழுத்தது, வயதான நாய், நான்கு மாதம் ஆகாத குட்டி, இவையும் வீட்டில் நிற்கட்டும்.

பருவத்தில் இருக்கும் பெட்டை நாயை எக்காரணம் கொண்டும் கொண்டுபோகக் கூடாது. அந்த மூன்று வாரமும் நிற்கிற ஒவ்வொரு சந்தியிலும் கட்டாக்காலிக் கடுவன்கள் வாகனத்தைச் சூழும். கதவைத் திறக்கவே முடியாது.

இரண்டு நாய் என்றால் நாய்க்கு ஒருவர் வீதம் பெரியவர் இருவர் வேண்டும். ஒருவரே இரண்டு கயிற்றைப் பிடித்தால், ஒன்று கட்டாக்காலியைக் கண்டு பாயும்போது மற்றதும் கை நழுவும்.

வீட்டில் விடுவதென்றால் ஆள் இருக்கிற வீட்டில் விடுங்கள். சீனவெடி கேட்கும் நாட்களில் சங்கிலியில் தனியே கட்டிய நாய், கழுத்தை நெரித்துக்கொள்ளும் அளவுக்கு இழுக்கும்.

2. மதிய இடத்தைப் பிடியுங்கள்

பெரும்பாலானோருக்கு அது சொந்தக்காரர் வீடுதான். "நாயையும் கொண்டு வரலாமோ?" என்று மட்டும் கேட்டால், "அதுக்கென்ன, கொண்டு வாங்கோ" என்றுதான் பதில் வரும். முற்றத்து மாமரத்தில் கட்டிவிடலாம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள், உள்ளே மின்விசிறிக்குக் கீழே படுக்கும் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். போய் இறங்கிய பிறகு இரண்டு பக்கத்துக்கும் முகம் சுண்டும்.

எனவே தொலைபேசியில் தெளிவாகக் கேளுங்கள். வீட்டில் வேறு நாய், பூனை, கோழி நிற்கிறதா? கேற் பூட்டி இருக்குமா? உள்ளே ஒரு மூலை, அல்லது முழுநேரமும் நிழல் விழும் விறாந்தை கிடைக்குமா? நாய்க்குப் பயப்படும் பிள்ளைகள், வயதானவர்கள் இருக்கிறார்களா? வீட்டு நாய் நின்றால் அதை வேறு பக்கம் கட்டச் சொல்லுங்கள். தன் முற்றத்துக்குள் வந்த புதிய நாயை நல்ல நாயும் கடிக்கும்.

முஸ்லிம் நண்பர் வீடு என்றால் இந்த உதவியைக் கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தவேண்டாம். நாயின் எச்சில் பட்ட இடத்தைக் கழுவித் தூய்மைப்படுத்துவது அவர்களின் மார்க்க ஒழுங்கு. நாயைச் சேர்க்கும் இடத்தை வேறாகப் பார்த்துக்கொண்டு, நண்பரை நாயில்லாமல் போய்ச் சந்தியுங்கள்.

சொந்தக்காரர் இல்லாவிட்டால் பகல் நேரத்துக்கு மட்டும் அறை தரும் விடுதி தேடுங்கள். நாயின் இனம், நிறை, எத்தனை நாய் என்பதைச் சொல்லி, சம்மதத்தைக் குறுஞ்செய்தியாக வாங்கி வையுங்கள். விடுமுறையில் வரவேற்பில் இருப்பவர் வேறு ஆளாக இருப்பார். வாய்ப்பேச்சை அவர் ஏற்கமாட்டார்.

இரண்டும் கிடைக்கவில்லையா? நாயை விட்டுப் போங்கள். ஏசியைப் போட்டு வாகனத்தில் விடலாம் என்பது தீர்வல்ல. வெளியே 32 பாகை இருக்கும்போது பூட்டிய வாகனத்துக்குள் பத்து நிமிடத்தில் 40 பாகையைத் தாண்டும், அரை மணித்தியாலத்தில் 50ஐ நெருங்கும். கண்ணாடியை நான்கு விரல் இறக்கிவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. இயந்திரம் தானே நின்றால் ஏசியும் நிற்கும், அதை நாய் வந்து சொல்லாது.

3. நாளைத் தெரிவுசெய்தல்

ஏப்ரல் 13, 14 இரண்டு நாளும் வேண்டாம். வருடப்பிறப்பு நேரத்துக்கும் புண்ணிய காலத்துக்கும் வெடி கொளுத்துவார்கள், மிருக வைத்தியர்களும் ஊருக்குப் போயிருப்பார்கள். அதற்குப் பின் வருகிற வேலைநாள் ஒன்று நல்லது. அரசாங்க மிருக வைத்திய அலுவலகமாவது திறந்திருக்கும்.

புத்தாண்டை ஒட்டித் தமிழ், சிங்களக் கடைகள் பல பூட்டியிருந்தாலும் கிண்ணியா, மூதூர், ஓட்டமாவடி, ஏறாவூர் பக்கம் கடைகள் திறந்திருக்கும். தண்ணீர், ஐஸ், பெற்றோல் எல்லாவற்றையும் அந்த ஊர்களைக் கணக்கில் வைத்தே திட்டமிடலாம். வெள்ளிக்கிழமை மட்டும் ஜும்ஆ நேரத்தில் பூட்டுவார்கள்.

இதே பயணத்தைத் தைப்பொங்கலுக்குச் செய்வதானால் வெயிலைவிட வெள்ளம்தான் பிரச்சினை. மார்கழி, தை மழையில் வெருகல் பக்கம் வீதிக்கு மேலாகத் தண்ணீர் பாயும் நாட்கள் உண்டு. முதல்நாள் இரவே அந்தப் பக்கத்தில் உள்ளவரிடம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

4. நான்கு வாரத்துக்கு முன்: ஊசியும் உண்ணியும்

விசர்நோய்த் தடுப்பூசி அட்டையை எடுத்துத் திகதியைப் பாருங்கள். இதுவரை போடாத நாய்க்கு முதன்முறை போடுவதென்றால் எதிர்ப்புச் சக்தி வர மூன்று, நான்கு வாரம் செல்லும். பயணத்துக்கு முதல்நாள் போட்ட ஊசி, அட்டையை நிரப்புமே ஒழிய நாயைக் காக்காது.

எலிக்காய்ச்சலுக்கான பாகம் சேர்ந்த ஊசி போட்டிருக்கிறதா என்றும் வைத்தியரைக் கேளுங்கள். வழி முழுக்க வயலும் வாய்க்காலும். தேங்கிய தண்ணீரை ஒருமுறை நக்கினாலே தொற்ற இடமுண்டு.

உண்ணி மருந்தை, அது மாத்திரையோ கழுத்தில் விடும் துளியோ, பயணத்துக்கு ஒரு வாரம் முன் கொடுத்துவிடுங்கள். துளி மருந்து விட்டால் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக்கூடாது. மருந்து தோலின் எண்ணெயில்தான் பரவுகிறது, சவர்க்காரம் அதைக் கழுவிவிடும். பயணத்துக்காகக் குளிப்பாட்டி அழகாக்கி, அன்றைக்கே துளியையும் விடுவது அடிக்கடி காணும் பிழை.

5. வாகனத்தைப் பழக்குதல்

வருடத்தில் ஒரே ஒருநாள், அதுவும் ஊசி போட மட்டும், வாகனத்தில் ஏறிய நாய்க்கு வாகனம் என்றாலே ஊசிதான். அந்த நாயை மூன்றரை மணித்தியாலம் ஏற்றினால் எச்சில் வடித்து, நடுங்கி, கிண்ணியாப் பாலத்துக்கு முன்னமே வாந்தி எடுக்கும்.

முதல் இரண்டு நாள் இயந்திரத்தைப் போடாமல் ஐந்து நிமிடம் உள்ளே இருத்தி, ஒரு துண்டு அவித்த கோழி கொடுத்து இறக்குங்கள். அடுத்து வீதியைச் சுற்றி ஒரு வட்டம். பிறகு உப்புவெளி, அதற்கடுத்த வாரம் நிலாவெளி, கடைசியாகக் குச்சவெளி. ஒவ்வொன்றும் நாய்க்குப் பிடித்த ஒன்றில் முடியவேண்டும்: ஓட ஒரு வெளி, அல்லது ஒரு துண்டு இறைச்சி. குச்சவெளி போய்வந்தும் வாந்தி எடுக்கிற நாய்க்கு வைத்தியரிடம் மருந்து கேளுங்கள். வீட்டில் கிடக்கிற மனிதர் மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்கவேண்டாம். பனடோலும் கூடாது, அது நாயின் ஈரலைப் பழுதாக்கும்.

மயக்கிக் கொண்டுபோக மருந்து தாருங்கள் என்றும் கேட்காதீர்கள். மயங்கிய நாயால் உடம்புச் சூட்டைச் சரியாகச் சமாளிக்க முடியாது.

6. வாகனத்துக்குள் இடம்

பின் இருக்கையில், வெயில் விழாத பக்கம். காலையில் தெற்கு நோக்கிப் போகும்போது இடப்பக்கத்தால் வெயில் அடிக்கும், எனவே வலப்பக்கம் படுக்கட்டும். பிற்பகல் திரும்பி வரும்போது வடக்கு நோக்கி வருவீர்கள், வெயில் மேற்கே, அதாவது மறுபடியும் இடப்பக்கம். ஆகவே இரு வழிக்கும் வலப்பக்கமே நாயின் இடம். இடப்பக்கக் கண்ணாடிக்குள் ஒரு சாரத்தை மடித்துச் செருகுங்கள்.

கழுத்துப்பட்டியில் கட்டவேண்டாம். சடுதியாகப் பிரேக் அடித்தால் முழுப் பாரமும் கழுத்தில் விழும். நெஞ்சைச் சுற்றிப் போடும் பட்டியை வாங்கி, அதை இருக்கைப் பட்டியோடு இணையுங்கள். நாய் எழுந்து திரும்பிப் படுக்கக்கூடிய நீளம் போதும், தலை ஜன்னலுக்கு வெளியே போகிற நீளம் கூடாது. வெளியே நீட்டிய தலையில் தூசும் பூச்சியும் கண்ணில் அடிக்கும், எதிரே வரும் பஸ்ஸும் ஒதுங்காது.

இருக்கைக்கு முதலில் ஒரு பிளாஸ்ரிக் விரிப்பு, மேலே பழைய பெற்சீற், அதற்கு மேலே நாய் வீட்டில் படுக்கிற அதே சாக்கு. தன் மணம் உள்ள துணியில் நாய் சீக்கிரம் படுக்கும். பிக்கப்பின் திறந்த பின்பெட்டியில் ஏற்றாதீர்கள். தகரம் சுடும், நாய் குதிக்கும். ஓட்டோவும் இந்தத் தூரத்துக்குச் சரிவராது. வான் பிடிப்பதானால் நாய் வருவதைச் சாரதியிடம் முதலே சொல்லி, கழுவுகிற கூலியையும் பேசிவிடுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு வாசலில் நின்று பேரம் பேசுகிற பயணம் நன்றாகத் தொடங்காது.

7. பை

தண்ணீர்தான் முதல். சாதாரண நாளில் ஒரு கிலோ நிறைக்கு 50 முதல் 60 மில்லிலீற்றர் குடிக்கும். 20 கிலோ நாய் என்றால் ஒரு லீற்றருக்குச் சற்று மேல். இந்த வெயிலில் அதன் இரட்டிப்பு என்று வையுங்கள். குடிக்க 5 லீற்றர், உடம்பில் ஊற்றவும் கால் கழுவவும் தனியே 10 லீற்றர் கான் ஒன்று. இரண்டாவதைக் குடிநீரோடு கலக்காதீர்கள், அது அவசரத்துக்கானது. வாகனத்தில் இடமில்லை என்று பலர் இறக்கிவைப்பதும் அதைத்தான்.

ஒன்றரை லீற்றர்ப் போத்தல் இரண்டில் முக்கால்வாசி தண்ணீர் நிரப்பி முதல்நாள் காலையே உறைய வையுங்கள். முழுக்க நிரப்பினால் வெடிக்கும். துவாயில் சுற்றி நாயின் பக்கத்தில் வைத்தால் அது தேவைப்படும்போது சாய்ந்துகொள்ளும்.

கயிறு இரண்டு, ஒவ்வொன்றும் ஒன்றரை முதல் இரண்டு மீற்றர். தானே நீண்டு சுருங்கும் கயிறு வேண்டாம். கூடை மாதிரியான வாய்ப்பூட்டு ஒன்று. வாயை இறுக்கும் துணிப்பூட்டு கூடாது, அதைப் போட்டால் நாயால் இளைக்க முடியாது. பழைய துவாய் மூன்று, மலம் அள்ளும் பை பத்து, ஊசி அட்டை, உடம்புச் சூடு பார்க்கும் டிஜிற்றல் வெப்பமானி, ஒரு குடை. குடை வெயிலுக்கு மட்டுமல்ல, ஏன் என்பது 9இல் வருகிறது.

கழுத்துப்பட்டியில் உங்கள் தொலைபேசி இலக்கம் எழுதிய தகடு கட்டாயம். திருகோணமலை, வாழைச்சேனை, மட்டக்களப்பு மூன்று இடத்திலும் அன்றைக்கு இருக்கிற மிருக வைத்தியர்களின் இலக்கங்களை முதல் வாரமே பேசி உறுதிசெய்து, கடதாசியில் எழுதி வையுங்கள். தொலைபேசி சார்ஜ் இறங்கும் நேரமும் வைத்தியர் தேவைப்படும் நேரமும் பல தடவை ஒன்றாகவே வரும்.

8. முதல்நாள் இரவும் விடியற்காலையும்

இரவு ஏழு மணிக்கு வழமையான சாப்பாட்டில் முக்கால் பங்கு. விருந்துச் சாப்பாடு வேண்டாம். சர்க்கரைப் பொங்கலில் நாங்கள் பிளம்ஸ் என்று போடுகிற திராட்சை வற்றல் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது, வெங்காயம் இரத்தத்தைக் கெடுக்கும், பலகாரத்தின் எண்ணெய் வயிற்றை இளக்கும். பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். மேசைக்குக் கீழே கை நீளுவது பெரும்பாலும் அவர்களுடையதுதான்.

காலையில் சாப்பாடு இல்லை. தண்ணீர் புறப்பட அரை மணித்தியாலம் முன்வரை. ஐந்து மணிக்குப் புறப்படுங்கள், அதற்கு முன் பதினைந்து நிமிடம் நடத்தி ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகவிடுங்கள். நேரத்துக்குக் காரணம் உண்டு. சூரியன் ஆறு மணியளவில் எழும். ஐந்துக்குப் புறப்பட்டால் வெருகலை நெருங்கும்போது வெளிச்சம் வந்துவிடும். வெருகல், வாகரைப் பக்கம் யானை நடமாடும் இடம். இருட்டில் நாய் குரைக்கிற வாகனமாக அங்கே போகக்கூடாது.

அன்றைக்கு நாய்க்குப் பொறுப்பு யார் என்று ஒருவரை இப்போதே சொல்லிவிடுங்கள். "அவர் பார்ப்பார்" என்று நான்கு பேரும் நினைக்கிற நாய்க்குத்தான் தண்ணீர் கிடைக்காமல் போகிறது.

9. வீதியில்

ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை நில்லுங்கள். போகும்போது இரண்டு நிறுத்தம் போதும்: மூதூர் தாண்டி ஒன்று, வாகரை தாண்டி ஒன்று. பஸ் தரிப்பிடம், இறைச்சிக்கடை, சாப்பாட்டுக்கடை அருகே நிற்கவேண்டாம், கட்டாக்காலிகள் அங்கேதான் கூடும். காட்டோரமும் வேண்டாம். இரண்டு பக்கமும் திறந்து தெரிகிற வயல்வெளி ஓரம் நல்லது.

கதவு திறக்கும் ஒழுங்கு இது. பொறுப்பாளர் முதலில் தனியே இறங்கி, நாயின் கதவை மூடியபடியே வைத்துக்கொண்டு சுற்றிப் பார்க்கவேண்டும். வாகனத்துக்கு அடியிலும் குனிந்து பார்க்கவேண்டும். பிறகு வீதிப் பக்கமில்லாத கதவை ஒரு சாண் திறந்து, கையை உள்ளே விட்டு, நடைக் கயிற்றைப் பட்டியில் கொளுவி, கயிற்றின் மறுமுனையை மணிக்கட்டில் போட்ட பிறகுதான் இருக்கைப் பட்டியைக் கழற்றவேண்டும். முதலில் கழற்றிவிட்டுப் பிறகு கயிறு தேடுகிறவர்களிடமிருந்துதான் நாய் வீதிக்குப் பாய்கிறது. ஒழுங்கு மாறினால் இடையில் இரண்டு நொடி நாய் எதிலும் கட்டப்படாமல் இருக்கும். அது போதும்.

கட்டாக்காலி வந்தால் ஓடவேண்டாம், கல் எடுக்கவும் வேண்டாம். குடையை அதன் முகத்துக்கு நேரே படாரென்று விரியுங்கள். பெரும்பாலான நாய்கள் பின்வாங்கும். விரித்த குடையை இடையில் பிடித்தபடி உங்கள் நாயை வாகனத்துக்குள் ஏற்றுங்கள்.

கடையில் தேநீர் குடிப்பதானால் ஒருவர் நாயோடு வாகனத்தருகே, மற்றவர்கள் கடைக்குள். எல்லாருமாக நாயைக் கூட்டிக்கொண்டு கடை வாசலில் போய் நிற்பது மற்றவர்களுக்குச் சிரமம்.

10. மட்டக்களப்பில் காலை

எட்டரையளவில் நகருக்குள் இருப்பீர்கள். வாகனத்தை நிழலில் விட்டு இறங்குமுன் வீதியைச் சோதியுங்கள்: புறங்கையைத் தாரில் அழுத்தி ஏழு வரை எண்ணுங்கள். கை பொறுக்காவிட்டால் நாயின் பாதமும் பொறுக்காது. எட்டரைக்குப் பொறுக்கும், ஒன்பதரைக்குப் பொறுக்காமல் போகலாம். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

காந்தி பூங்காவடியிலிருந்து வாவிக்கரை வழியே மெதுவாக நடந்து, கோட்டையின் வெளிப்புறத்தைப் பார்த்துத் திரும்புவது நாற்பது நிமிட நடை. முதல் பயணத்துக்கு அது போதும். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் வளவுகளுக்குள் நாயைக் கொண்டுபோகவேண்டாம்.

வாவியைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். மட்டக்களப்பு வாவியில் முதலை உண்டு. கட்டுப் போட்ட கரையில் நடக்கலாம். ஆனால் சேறும் கண்டலும் உள்ள கரையில் தண்ணீரிலிருந்து ஐந்து மீற்றராவது தள்ளியே நாய் நிற்கவேண்டும். முகத்துவாரம், பாலமீன்மடு பக்கம் கண்டல் செறிந்த இடங்களில் கயிறு எப்போதும் குறுக்கிப் பிடித்திருக்கட்டும். தண்ணீரின் மேல்பரப்பு அமைதியாக இருப்பதை நம்பாதீர்கள். குனிந்து தண்ணீர் நக்குகிற நாய்தான் முதலைக்கு மிக எளிது. நாய் எத்தனை நன்றாக நீந்தினாலும் வாவியில் இறக்காதீர்கள்.

படகில் ஏறுவதானால் படகோட்டியிடம் நாயைக் காட்டிச் சம்மதம் வாங்கி, அரை மணித்தியாலத்துக்கு மேற்படாமல், படகின் நடுவில் பொறுப்பாளரின் காலுக்கிடையில் இருத்துங்கள். கயிற்றைக் கையில் பிடியுங்கள், படகில் கட்டாதீர்கள். படகு சரிந்தால் கட்டிய நாய் தப்பாது. படகுக்கு நிழல்கூரை இல்லாவிட்டால் ஏறவேண்டாம்.

11. மதியம்

பத்தரைக்கு முன் வீட்டுக்குள் போய்விடுங்கள். போனதும் சாப்பாடு கொடுக்காதீர்கள். முதலில் சிறிது தண்ணீர், அரை மணித்தியால ஓய்வு, இளைப்பு அடங்கிய பிறகு வழமையான சாப்பாட்டில் பாதி. இளைக்கிற நாய் அள்ளி விழுங்கினால் வாந்திதான்.

வீட்டுக்காரர் அன்போடு தட்டில் கோழி எலும்பு கொண்டுவருவார். சமைத்த எலும்பு ஊசிபோல் பிளக்கும். "வயிறு சரியில்லை, மாமி, சோறு மட்டும் போதும்" என்று சொன்னால் யார் மனமும் நோகாது.

12. வாவிக்குப் பதிலாகக் கடல்

ஒரு காலைக்கு ஒன்றுதான். வாவிக்கரையும் கடலும் என்று இரண்டையும் ஒரே காலையில் அடக்கப் பார்த்தால் இரண்டாவது இடத்துக்குப் போகும்போது பத்து மணி வெயில். கடல் வேண்டுமென்றால் வழியிலேயே கல்குடாவில் இறங்கி எட்டரைக்குள் முடித்துவிட்டு நகருக்குப் போங்கள். பாசிக்குடாவுக்குப் போகாதீர்கள். விடுமுறையில் குழந்தைகள் நிறைந்திருக்கும், உடைந்த போத்தலும் கிடக்கும்.

கரைவலை இழுத்த கரையில் நாய்க்கு வாய்ப்பூட்டுப் போட்டே நடத்துங்கள். வலையிலிருந்து கழித்துப் போட்ட பேத்தை மீன் மணலில் காய்ந்து கிடக்கும். உப்பிய வயிறும் பல் தெரிகிற சிறு வாயுமாக இருக்கும், நாய்க்கு அந்த மணம் பிடிக்கும். அதன் நஞ்சு காய்ந்தாலும் போகாது, சமைத்தாலும் போகாது. தின்ற நாய் தள்ளாடி, பின்னங்கால் விழுந்து, மூச்சுத் தசை செயலிழந்து போகும். மாற்று மருந்து இல்லை. தின்றதைக் கண்டால் அறிகுறிக்குக் காத்திராமல் அந்த நிமிடமே வைத்தியரிடம் ஓடுங்கள், போகும் வழியிலேயே தொலைபேசியில் சொல்லுங்கள்.

கடல்நீர் குடித்தால் வயிற்றாலடியும் வாந்தியும் வரும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் காட்டினால் அதைக் குடிக்காது. மலத்தை மணலில் புதைக்காதீர்கள், அள்ளிக் கட்டிக் கொண்டுவாருங்கள். புதைத்த மலத்திலிருந்து வரும் கொழுக்கிப் புழுக்கள் அங்கே வெறுங்காலோடு விளையாடுகிற பிள்ளைகளின் தோலுக்குள் நுழையும்.

13. சூடு ஏறினால்

இளைப்பதெல்லாம் ஆபத்தல்ல. நாக்கைப் பாருங்கள். சாதாரணமாக இளைக்கும்போது நாக்கு நீண்டு தொங்கும். சூடு ஏறும்போது நுனி அகப்பை மாதிரி அகன்று ஓரம் மேலே மடங்கும். எச்சில் தண்ணீராக இல்லாமல் கோந்துபோல் இழுபடும். முரசு (பல் ஈறு) கடும் சிவப்பாகும். இந்த இடத்திலேயே எல்லாவற்றையும் நிறுத்திவிடவேண்டும். தள்ளாடினால், கூப்பிட்டும் திரும்பாவிட்டால், வாந்தி எடுத்தால், அது சூட்டடி. நாயின் வழமையான உடம்புச் சூடு 38.3 முதல் 39.2 பாகை. 41 என்றால் உயிராபத்து.

முதலில் குளிர்வித்தல், பிறகுதான் வைத்தியரிடம் கொண்டுபோதல். நிழலுக்கு எடுத்து, அந்த 10 லீற்றர்க் கானை வயிறு, தொடை இடுக்கு, அக்குள், கழுத்து, பாதம் என்று தொடர்ந்து ஊற்றி, ஒருவர் துவாயால் விசுக்கவேண்டும். காற்றோடு சேர்ந்தால்தான் ஈரம் சூட்டை எடுக்கும். நனைந்த துவாயால் நாயைப் போர்த்திவிட்டு இருப்பது பெரும் பிழை. சில நிமிடத்தில் துவாயே சூடாகி, உள்ளே வெக்கையைப் பூட்டிவைக்கும். தானாகக் குடித்தால் குடிக்கட்டும், வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக் குழாய்க்குள் போகும்.

குதவழியாகச் சூடு பாருங்கள். 39.5க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்துங்கள், அதற்குப் பிறகும் ஊற்றினால் அளவுக்கு மீறிக் குளிரும். உடனே ஏசி போட்ட வாகனத்தில் வைத்தியரிடம். எழுந்து வாலாட்டினாலும் போகவேண்டும். சிறுநீரகமும் ஈரலும் பழுதானது மறுநாள், மூன்றாம்நாள்தான் வெளியே தெரியும்.

14. யாரையாவது கடித்துவிட்டால்

வாக்குவாதம் வேண்டாம். கடிபட்ட இடத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, கடிபட்டவரை நீங்களே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். நகருக்குள் என்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை. ஊசி அட்டையையும் உங்கள் இலக்கத்தையும் கொடுங்கள். நாயைப் பல நாள் கவனிக்கச் சொல்வார்கள், அதற்கு நீங்கள் கைக்கெட்டும் ஆளாக இருக்கவேண்டும்.

15. திரும்புதல்

மூன்று மணிக்குப் புறப்படுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் முன் ஒருவர் போய் கதவுகளைத் திறந்துவைத்து, ஏசியை ஓடவிட்டு, இருக்கையைக் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும். இருக்கைப் பட்டியின் இரும்புக் கொளுவி தோலைச் சுடும், அதைத் தண்ணீரால் துடையுங்கள். மூன்றுக்குப் புறப்பட்டால் வெருகலை ஐந்தரைக்கு முன் தாண்டலாம். "ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்ற சொல்லுக்காக நான்கு மணி ஆனால், யானை வருகிற நேரத்தில் அந்த இடத்தில் இருப்பீர்கள்.

மாலையில் ஊர்களுக்குள் வரும்போது வெடிச் சத்தம் கேட்கலாம். கண்ணாடியை ஏற்றி, வானொலியை மிதமாகப் போடுங்கள். வீட்டு வாசலில் இறக்கும்போதும் கதவு ஒழுங்கு அதேதான். நாள் முழுக்க ஒழுங்காக இருந்து, சொந்த வாசலில் கயிறில்லாமல் இறங்கி, ஒரு வெடிக்கு மிரண்டு ஓடிப்போகிற நாய்கள் உண்டு.

16. இரவிலும் மறுநாளும்

பாதங்களை நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்கு வரை துடையுங்கள். விளக்கடியில் படுக்கவைத்து, காதின் உட்புறம், கழுத்துப்பட்டிக்குக் கீழ், அக்குள், விரலிடுக்கு, வாலடி என்று விரல் நுனியால் தடவி உண்ணி பாருங்கள். கண்டால் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே இழுங்கள். நசுக்கவோ மண்ணெண்ணெய் விடவோ வேண்டாம், நசுங்கும் உண்ணி தன் வயிற்றில் உள்ளதை நாயின் இரத்தத்துக்குள் கக்கும்.

அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், சாப்பாட்டில் வெறுப்பு, முரசு வெளிறுதல், மூத்திரம் கறுத்துச் சிவத்தல் ஏதாவது தெரிந்தால், வைத்தியரிடம் பயணம் போன திகதியையும் போன இடத்தையும் முதலில் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கான இரத்தப் பரிசோதனையை அவர் உடனே எழுத அது உதவும்.